ஆல்ட்டோவில் உன் இடம்

இன்று காலை துவாரகா மெட்ரோ நிலையத்தில் எனக்குத் தாமதமானது உன்னால்தான். பையை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றால், திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் பெண் கையைத் தூக்கிவிட்டாள். "மேடம், பேக் கோலியே." திறந்தேன். டிபன் டப்பா, குடை, மாணவர்களின் விடைத்தாள்கள், எல்லாவற்றுக்கும் அடியில் உன் இசைக்கவை, தட்டினால் சுருதி தரும் அந்த எஃகுக் கவை. அவள் அதை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யே க்யா ஹை?" என்றாள்.

சுருதி எடுக்க என்று இந்தியில் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, ஒருவர் "ஜல்தி கீஜியே" என்று சலித்துக்கொண்டார். நான் அதை வாங்கி, நீ செய்வதுபோல முழங்காலில் ஒரு தட்டு தட்டி, அடிக்காம்பை அவள் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்தேன். அவ்வளவு பெரிய உடுப்பும் பெல்ட்டும் போட்ட பெண், ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "அச்சா லக்தா ஹை," நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பையைக் கேட்டாள். எனக்கு ரயில் போய்விட்டது. நடைமேடையில் நின்று உன்னைத் திட்டினேன். இந்தப் பழக்கம் மட்டும் என்னை விடவில்லை.

எதற்கு இதைப் பையிலேயே வைத்திருக்கிறாய் என்று நீ கேட்பாய். வீட்டில் வைத்தால் தேடவேண்டியிருக்கிறது. அதோடு, இது ஆறு கட்டை, என் சுருதி ஐந்து. தினமும் இதைத் தட்டி அங்கிருந்து ஒரு படி இறங்கித்தான் என் ஸட்ஜத்துக்கு வருகிறேன். செல்போனில் தம்பூரா இருக்கும்போது இந்தச் சுற்று வழி எதற்கு என்று அப்பா கேட்கிறார். நான் இன்னொரு தடவை தட்டுகிறேன்.

உனக்கு முதல் நாள் நினைவிருக்கும். உலக இசை மரபுகள் என்ற பாடம். பல்கலைக்கழகத்தில் இசை எம்.ஏ. படிக்க வந்தவர்களில் பாதிப்பேர் அதைச் சுலபமான பாடம் என்று எடுத்தோம். நம் பேராசிரியர் கல்கத்தாக்காரர், குரல் மென்மை, பேச்சு கத்தி. எந்த ஊர், எந்தக் கருவி என்று சொல்லாமல் ஒரு ஒலிப்பதிவைப் போடுவார். காதில் விழுவதை மட்டும் எழுதவேண்டும். தேசத்தின் பெயர் எழுதக்கூடாது. 'சோகமான', 'விநோதமான' என்ற சொற்கள் கூடாது. முக்கியமாக, ராகத்தின் பெயரை வாயில் எடுக்கக்கூடாது. அந்தக் கடைசி விதி அன்றைக்கு இல்லை, என்னால்தான் வந்தது.

முதல் பதிவு ஒரு புல்லாங்குழல். ஐந்து ஸ்வரம். சிறு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றவள், கை சும்மா இருக்குமா? தூக்கிவிட்டேன். "மோகனம், மேடம்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதை வாசித்தவர் இருக்கும் மலைக்கு மோகனம் இதுவரை போனதில்லை. நீதான் இப்போது கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய்" என்றார். வகுப்பு சிரித்தது. எல்லாரும் நிறுத்திய பிறகும் பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு நிற்கவில்லை. திரும்பி முறைத்தேன். அது நீ.

அடுத்த வாரமே எனக்குச் சந்தர்ப்பம் வந்தது. குதிரை மேய்க்கும் ஒருவர் புல்வெளியில் தனியாகப் பாடிய நீளமான பாட்டு. உன் தாளைப் பேராசிரியர் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். 'பதிவில் குறை இருக்கிறது. ஒரு குரல் மட்டுமே கேட்கிறது, மற்ற பாகங்களைப் பாடியவர்கள் மைக்குக்குத் தூரத்தில் நின்றிருக்கவேண்டும்' என்று எழுதியிருந்தாய். மற்ற பாகங்களே இல்லை, அந்த மனிதர் தனியாக இருந்தார், கூட இருந்தது குதிரைதான் என்றார் அவர். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

பிரெட் பக்கோடா விற்கும் காண்டீனில் நீயே வந்து எதிரில் உட்கார்ந்தாய். "தமிழா?" என்றாய். ஆமாம் என்றேன். "நான் நாகருகோவிலு. நீ?" டெல்லி என்றேன். "அது இருக்கட்டும். ஊரு எது?" டெல்லிதான் என்றேன் மறுபடி. உன்னால் அதை ஏற்கவே முடியவில்லை. அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து மத்திய அரசு வேலைக்கு வந்தவர், நான் பிறந்தது கரோல்பாக், படித்தது புசா ரோடு தமிழ்ப் பள்ளி என்று ஜாதகத்தையே ஒப்பித்த பிறகுதான் விட்டாய். "வாய்க்கு வாய் அச்சா அச்சாங்குக. ஆனா தமிழு எழுத்துக்கூட்டாம வாசிக்குகியே, அதுவரைக்கும் நல்லது," என்று சான்றிதழ் கொடுத்து என் தட்டிலிருந்த பக்கோடாவையும் எடுத்துக்கொண்டாய்.

நீ வளர்ந்தது உங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவில். உன் அம்மா டெல்லியில் நர்ஸ் வேலைக்கு வந்த பிறகு, பள்ளிக்கூடம் முடியும்வரை உன்னை வளர்த்தது அந்தக் குழுதான் என்பாய். அங்கே ஒரு பாட்டு என்றால் நான்கு பாட்டு. பெண்களில் உயர்ந்த குரல் சோப்ரானோ, தாழ்ந்த குரல் ஆல்ட்டோ, ஆண்களில் டெனர், பேஸ். மெட்டைப் பாடுவது சோப்ரானோ. சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் காதில் விழுவதும், வீட்டுக்குப் போய் முணுமுணுப்பதும் அதைத்தான். நீ ஆல்ட்டோ. ஆரம்பம் முதல் ஆல்ட்டோ. ஒரே ஸ்வரத்தில் நாலு சொல், அப்புறம் அரைப்படி இறக்கம், திரும்ப அதே இடம். முதல்தடவை உன் பாகத்தைத் தனியாகப் பாடிக் காட்டியபோது, இதில் பாட்டு எங்கே என்று கேட்டேன்.

"பாட்டு அங்க நடக்கு. நான் கீழ பிடிச்சுக்கிட்டு நிக்கேன்."

"நீ விட்டா?"

"என்னமோ கொறையுதேன்னு எல்லாருக்கும் தோணும். என்னதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

இதைச் சொல்லும்போது உனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. எனக்குத்தான் கோபம் வந்தது. கச்சேரி மேடையில் நடுவில் உட்காரவேண்டும் என்றே வளர்க்கப்பட்டவள் நான். யாருக்கும் கேட்காத பாகத்தை ஒருத்தி வாழ்க்கை முழுக்க எதற்குப் பாடவேண்டும் என்று சண்டைக்கு வந்தேன். நீ டீயை உறிஞ்சிக்கொண்டே, "ஒனக்குப் புரியாது, விடு," என்றாய். அந்த 'விடு' இருக்கிறதே, அதற்காகவே உன்னை அறையலாம்.

கரோல்பாக் வீட்டுக்கு நீ சாப்பிட வந்த ஞாயிற்றுக்கிழமையை அப்பா இன்றும் சொல்வார். சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல என்னைப் பாடச் சொன்னார். மின் தம்பூராவைப் போட்டார். நான் ஆலாபனை தொடங்கிக் கொஞ்சம் மேலே போனதும், எனக்குக் கீழே இன்னொரு குரல் ஊர்ந்து வந்தது. நான் எங்கே போனாலும் அதுவும் மூன்றாவது படியில் கூடவே வந்தது. அப்பா தம்பூராவை அணைத்தார். "யாரும்மா கூடப் பாடறது?"

"நான்தான் அங்கிள். இவ தனியாப் பாடுகாள்லா, அதான் தொணைக்கு."

அப்பா தம்பூராவை உறையில் போட்டு எடுத்து வைத்தார். நீ போன பிறகு, "நல்ல பொண்ணு. சும்மா இருக்கத்தான் தெரியலை," என்றார். அம்மா சமையலறையிலிருந்து, கேட்க நன்றாகத்தானே இருந்தது என்றாள். எங்கள் வீட்டில் அது பெரிய புரட்சி.

ஜார்ஜியா பதிவு வந்தது அந்தக் குளிர்காலத்தில். அது ரஷ்யாவுக்குத் தெற்கே இருக்கும் ஜார்ஜியா என்று பிறகுதான் தெரியும். மூன்று ஆண்கள் சேர்ந்து பாடுகிறார்கள். நான் மேலே கேட்ட குரலைப் பாட்டு என்று எடுத்துக்கொண்டு ஸ்வரப்படுத்தினேன். 'மற்ற இருவரும் துணை செய்கிறார்கள்' என்று கீழே ஒரு வரி. போதாததற்கு, அவர்கள் யாரும் வைக்காத ஒரு ஸட்ஜத்தை நானே மனதுக்குள் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அதற்கு அளந்திருந்தேன். பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு அந்த ஊர்க்காரர்கள் சொல்வதைச் சொன்னார். பாட்டைத் தொடங்குவதும் சொற்களை எடுத்துக் கொடுப்பதும் நடுக்குரல். அவர்களுக்கு அதுதான் தலை. மேலே கேட்பது அதோடு சேர்ந்துகொள்வது.

நீ பெஞ்சிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாய். "கேட்டியா? கேட்டியா?" என்று வகுப்பு நடுவில் தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னாய். யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த வாரம் முழுக்க, புல்தரையில் வெயிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கும்போதெல்லாம், ஜார்ஜியாவில் பிறந்திருந்தால் நீ யார், நான் யார் என்று அளந்துகொண்டே இருந்தாய்.

அந்த ஆண்டு முடிவில் துறையின் நிகழ்ச்சிக்கு நான்கு குரல் பாட்டு ஒன்று பாடலாம் என்று பேராசிரியர் சொன்னார். என்னை ஆல்ட்டோவில், உன் பக்கத்தில் நிறுத்தினார். அவருக்கு அது ஒரு பரிசோதனை. முதல் சரணம் உன் குரலைப் பிடித்துக்கொண்டு போய்விட்டேன். இரண்டாவது சரணத்தில் மெட்டு காதை இழுத்தது. நான் எப்போது மேலே ஏறினேன் என்றே தெரியாது. உன் முழங்கை விலாவில் இடித்தபோதுதான் சோப்ரானோ பாடிக்கொண்டிருப்பது தெரிந்தது. கூடத்துக்கே தெரிந்துவிட்டது. நீ மட்டும் தனியாக உன் வரியில் நின்று முடித்தாய்.

"ஏட்டி, மேல ஏற்கெனவே அத்தன பேரு நிக்காவ. ஒனக்கு அங்க என்ன சோலி?" என்று வெளியே வந்ததும் கேட்டாய்.

"காது அங்க போகுதுடி. நான் என்ன பண்ண?"

"பக்கத்து வீட்டுல பேச்சு நடக்கு. நமக்குக் கேக்கும். கேக்குகுன்னு எந்திரிச்சு அங்க போயா உக்காருவோம்? நம்ம அடுப்ப நாமதான பாக்கணும்."

ஒரு நாள் என்னை ஆல்ட்டோ பாடவைக்காமல் விடமாட்டேன் என்றாய். என் ஜென்மத்தில் நடக்காது என்றேன். அந்தப் பேச்சு அப்படியே நின்றது.

அப்புறம் நீ ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை ஆனாய். நான் துறையிலேயே ஒட்டிக்கொண்டேன். எனக்குக் கல்யாணமாகி, நீ அம்மாவோடு இருந்த துவாரகாவுக்கே நாங்களும் வந்தபோது, உன் அடுக்குமாடிச் சொசைட்டியும் என் சொசைட்டியும் நடந்து போகும் தூரம். நீ போகும் கிறிஸ்தவக் கோயிலில் இந்தி ஆராதனை முடிந்து தமிழ் ஆராதனை தொடங்கும் இடைவெளியில் உங்கள் குழுவுக்குத் தங்கராஜ் அண்ணன் பயிற்சி கொடுப்பார். சோப்ரானோ பெண்கள் கூடத்தில். ஆல்ட்டோவுக்குப் பக்கத்து அறை, அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில் நீயும் ஸ்டெல்லா அக்காவும். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ், டியூட்டி விழுந்தால் வரமாட்டார். அந்த வாரம் ஆல்ட்டோ என்றால் நீ ஒருத்தி. சில ஞாயிறுகளில் நானும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உன் குரலை மட்டும் தேடுவேன். நாலில் மூன்று தடவை கிடைக்காது. வெளியே வந்ததும், "கேட்டுச்சா?" என்பாய். கேட்டது என்று பொய் சொல்வேன். நீ நம்பமாட்டாய்.

உன் நோயைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. உனக்குத் தெரிந்ததுதான். ஆஸ்பத்திரியில் வைத்து ஒரு மத்தியானம், நான் உனக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, மளிகைக்கு ஆள் அனுப்புவதுபோலச் சொன்னாய்.

"அடக்க ஆராதனையில பாடகர் குழு பாட்டு எதுன்னு தங்கராஜ் அண்ணன்ட்ட சொல்லியாச்சு. கீபோர்டு வேண்டாம், அந்தப் பையன் எல்லாத்தையும் மூடிருவான். ஸ்டெல்லா அக்காவால முடியாது, இப்பவே அழுதுட்டு இருக்காவ. ஆல்ட்டோவுக்கு நீ."

"பாகல் ஹை க்யா? வாய மூடு. வீட்டுக்குப் போற வழியப் பாரு."

"வீட்டுக்குத்தான் போறேன். இனி இங்க செய்யுகதுக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் சொல்லுகேன்."

எனக்கு ஆரஞ்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. என்னால் முடியாது என்றேன். அது சும்மா சொன்னது இல்லை. அந்தக் கூடத்தில் மேலே ஏறியது காதுக்குள்ளேயே இருந்தது. ஒரு துறை நிகழ்ச்சியிலேயே நிற்க முடியாதவள், உன் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு நிற்பேனா? நடுவில் மெட்டுக்கு ஏறிவிட்டால், உன் இடம் உன் கண்முன்னாலேயே காலியாகிவிடும். அதை நான் செய்வேனோ என்ற பயம் எனக்கு இருந்தது. உன்னை இழக்கப்போகும் பயத்தைவிட அதைப் பற்றி யோசிப்பது சுலபமாக இருந்தது என்றும் இப்போது தோன்றுகிறது.

"முடியாதவளுக்குச் சொல்லித்தாறதுதான எனக்கு வேல," என்றாய். "நாளைக்கு வா."

குளிர்கால வெயில் உன் பால்கனிக்கு மத்தியானம்தான் வரும். உன் அம்மா நாற்காலியை அங்கே போட்டு, சால்வை சுற்றி உன்னை உட்காரவைப்பார்கள். உங்கள் டோ ரே மீ எழுத்தில் இருந்த என் பாகத்தை நான் ஸரிகமவில் எழுதிக்கொண்டேன். பாதிப் பக்கம் பஞ்சமமாகவே இருந்தது. நீ இசைக்கவையை நாற்காலிக் கையில் தட்டித் தருவாய். மேலே விமானம் இறங்கும். துவாரகாவில் அது ஓயாது. என் பாழாய்ப்போன காது, அந்த இரைச்சலிலிருந்தே ஒரு ஸட்ஜத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் போய்விடும். "பிளேனு எறங்குகப்போ அதுக்க சத்தமும் எறங்கும். நீயும் கூட எறங்காத," என்பாய். வேறு யாராவது விமானத்துக்குச் சுருதி சேர்ந்து பாடிக் கெட்டிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

என் பாகம் தனியாக வந்துவிட்டது. இனி மெட்டோடு சேர்த்துப் பாடவேண்டும். மெட்டைப் பாட ஆள் வேண்டும். குழுப் பெண்கள் யாரையாவது கூப்பிடலாம் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, நீயே தொடங்கினாய்.

இத்தனை ஆண்டுகளில் நீ மெட்டைப் பாடி நான் கேட்டதில்லை. நிஜமாகவே ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சன்னமான குரல், மூச்சு பாதி வரியில் தீர்ந்துவிடும். ஆனால் என்ன அழகாக இருந்தது தெரியுமா? நான் உடனே ஏறிவிட்டேன், மேலே, உன்னோடு. நீ பாட்டை நிறுத்தி, "எறங்கு," என்றாய். திரும்பத் தொடங்கினாய். திரும்ப ஏறினேன். "எறங்குட்டி." அன்றைக்கு முழுக்க அதுதான் நடந்தது. நீ இவ்வளவு நன்றாக மெட்டு பாடுவாய் என்றால் ஏன் இவ்வளவு காலம் பாடவில்லை என்று கத்தினேன். "சண்ட அப்புறம். மொதல்ல எறங்கு," என்றாய்.

மெதுவாக இறங்கினேன். பக்கத்து வீட்டுப் பேச்சு, நம் அடுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காதை மூடிக்கொண்டால் சுருதி போகிறது, முழுக்கத் திறந்தால் மெட்டு இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே நின்றால் உன் குரலும் கேட்கும், என் வரியும் நிற்கும். எம்.ஏ.வில் அந்தப் பேராசிரியர் இதைத்தான் ஒரு வருஷம் முழுக்க எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். பாஸ் மார்க் வாங்கிய எனக்கு அது பால்கனியில்தான் புரிந்தது.

கடைசியாகப் பாடிய மத்தியானம் உனக்கு இரண்டு வரிக்கு மேல் மூச்சு வரவில்லை. மூன்றாம் சரணத்தின் நடுவில் உன் குரல் நின்றது. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நிறுத்தாதே என்று விரலால் காட்டினாய். மெட்டே இல்லாமல், வெறும் ஆல்ட்டோவை, அந்தச் சரணம் முடியும்வரை பாடினேன். முடிந்ததும் நீ கண்ணைத் திறக்காமலேயே சிரித்தாய். "நான் நிப்பாட்டியும் நீ போனேலா," என்றாய். "அவ்வளவுதான். இனி வராண்டாம், போய் ஒன் பிள்ளையப் பாரு."

உன் அடக்க ஆராதனைக்கு அப்பாவும் வந்தார். தமிழ் ஆராதனைக்கு வருபவர்களோடு இந்தி ஆராதனைக்காரர்களும், உன் பள்ளி மாணவிகளும் நிறைந்திருந்தார்கள். நான் ஸ்டெல்லா அக்காவின் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, குழுவில் நீ நிற்கும் இடத்தில் நின்றேன். பக்கத்தில் அக்கா, தாளைப் பிடித்துக்கொண்டு, வாய் திறக்காமல். தங்கராஜ் அண்ணன் சுருதி கொடுத்தார். சபை பாடாத, குழு மட்டும் பாடும் பாட்டு அது. முதல் சரணம் போனது. இரண்டாவதும் போனது. நான் ஏறவில்லை.

மூன்றாவதில் சோப்ரானோவிலிருந்த பெண்கள் உடைந்தார்கள். எல்லாரும் நீ சொல்லிக்கொடுத்த பிள்ளைகள். ஒருத்தி அழத் தொடங்கி, பக்கத்திலிருப்பவள் தொற்றி, மெட்டு அப்படியே காற்றில் கரைந்துவிட்டது. கீபோர்டும் இல்லை. அண்ணன் கை மட்டும் ஆடுகிறது, டெனர் பாடும் அவருடைய குரலும் அடைத்துவிட்டது. பின்னால் பேஸ் பாடும் ஒருவர் அடியில் முனகிக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய கூடத்தில் வேறு கேட்டதெல்லாம் உன் வரிதான். அந்தப் பஞ்சமம், அந்த அரைப்படி இறக்கம், திரும்ப அதே இடம். மேலே ஏறி மெட்டைத் தாங்கிப் பிடிக்கவேண்டும் என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. அதைச் செய்திருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்கமாட்டார்கள். 'எறங்கு' என்று உன் குரல் கேட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. நான் என் அடுப்பைப் பார்த்தேன். சரணம் முடியும்வரை நின்றேன்.

உன்னை மண்ணில் வைத்துவிட்டு எல்லாரும் திரும்பும்போது உன் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். நான் அழாமல் இருந்தேன், அவர்களும் அழவில்லை.

"மக்ளே, எம்பிள்ள சின்னதுலேர்ந்து குழுவுல நிக்குகதப் பாத்திருக்கேன். வாயி அசையுகது தெரியும். எல்லாரு சத்தத்துக்குள்ள இவ என்ன பாடுகான்னு எனக்குத் தனியாக் கேட்டதே இல்ல. கேக்கலன்னு சொன்னா வருத்தப்படுவான்னு கேக்குகு கேக்குகுன்னு சொல்லிருக்கேன்." அவர்கள் என் கையை விடவில்லை. "இன்னைக்குக் கேட்டேன் மக்ளே. இதத்தான் பாடிட்டு இருந்தாளா?"

"இதான் ஆன்ட்டி," என்றேன். அந்தக் கல்லறை வாசலில், செருப்பும் தூசியுமாகத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். இசைக்கவையை உன் அம்மா எனக்குக் கொடுத்தது அதற்கு அடுத்த வாரம்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. மெட்டை ஏன் பாடவில்லை என்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றாய். அந்த அப்புறம் வரவில்லை. ஆரஞ்சு உரிக்கும்போதெல்லாம் உன்னோடு அந்தச் சண்டையைப் போடுகிறேன், நானே இரண்டு பக்கமும் பேசி நானே தோற்கிறேன்.

இப்போது அந்தப் பாடத்தை நான்தான் எடுக்கிறேன். பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். இன்றைக்கு மெட்ரோ தாமதத்தால் அரக்கப் பரக்க ஓடி, ஜார்ஜியப் பதிவைத்தான் போட்டேன். முன் பெஞ்சுப் பையன் ஒருவன் உடனே கை தூக்கி, ஒரு ராகத்தின் பெயரைச் சொன்னான். சிரித்துவிட்டேன். பின் பெஞ்சில் வேறு யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

ஸ்டெல்லா அக்காவுக்கு இந்த ஞாயிறு டியூட்டி. நேற்று போன் செய்தார், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்படி அவ்வப்போது போகிறேன். சபையில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆல்ட்டோவுக்கு ஆள் இருந்தால் தங்கராஜ் அண்ணனுக்குப் போதும்.

நேற்று மாலை சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே முணுமுணுத்திருக்கிறேன். என் மகள் வந்து எட்டிப் பார்த்தாள். டெல்லியில் பிறந்தவள், தமிழ் பேசுவாள், வாசிக்கமாட்டாள். "அம்மா, எப்பப் பாத்தாலும் இதையே பாடற. யே கௌன் ஸா கானா ஹை?" என்றாள். ஆன்ட்டிக்காகப் பாடிய பாட்டு என்றேன். "இது பாட்டு மாதிரியே இல்லியே. அசல் ட்யூன் பாடு," என்றாள்.

சரி என்று கையைத் துடைத்துக்கொண்டு தொடங்கினேன். உன் பால்கனியில் நீ பாடியது எல்லாம் காதில் இருக்கிறது. முதல் வரி சரியாக வந்தது. இரண்டாம் வரியில் எங்கே இறங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. மகள்தான் சொன்னாள், "அம்மா, மறுபடியும் அதுக்கே போயிட்ட." இன்னொரு தடவை மேலேயிருந்து தொடங்கினேன். இரண்டாம் வரியில் மறுபடியும் உன் இடத்துக்கு வந்து நின்றேன்.